மருதாணிக்குப் பதினான்கு மூடி

அடுத்த வீட்டுப் பாயம்மா ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். நேரமில்லை என்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அன்று எங்கள் தெருவில் அவர் இருபத்தாறு வீடு ஏறி இறங்கியிருந்தார். எங்களுடையது இருபத்தேழாவது.

“தெரிஞ்சோ தெரியாமயோ மனசு நோவுற மாதிரி எதனா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க சாரு.”

“நீங்க இன்னாம்மா தப்பு பண்ணிட்டீங்க?” என்று சிரித்தேன்.

“சிரிக்கக் கூடாது. மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லணும். அப்பதான் செல்லும்.”

சொன்னேன். என் மனைவியும் சொன்னாள். பிறகு பாயம்மா முந்தானையிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். அவர் கணவர் கள்ளக்குறிச்சி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து போகிறார்கள். திரும்ப நாற்பத்திரண்டு நாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் கடை மாடியிலேயே குடியிருந்தான். வீடு பூட்டித்தான் கிடக்கும்.

“சாவி மருதாணிக்காக சாரு. தெனம் ஒரு கொடம் தண்ணி. வேற ஒண்ணும் வாணாம். நாங்க வந்த பத்தாம் நாளு பேத்திக்குக் கல்யாணம். அந்த எலதான் அவ கையில அரைச்சி வைக்கணும்.”

ஏன் அந்த இலைதான் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. கொல்லையில் இருந்த அந்த மருதாணியை வைத்தது அவருடைய மூத்த மகள், பத்து வயதில். அவள் கல்யாணமாகிப் போய், ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணுக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் இறந்துவிட்டாள். அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம். தாய் வைத்ததென்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தச் செடி ஒன்றுதான். எங்கள் தெருவில் அப்போது நான்கு மருதாணிகள் இருந்தன. மற்ற மூன்றின் இலையை அரைத்து வைத்தால் கை செங்கல் நிறமாகும், அவ்வளவுதான். இது வைத்தால் கருஞ்சிவப்பு. இருபது நாள் நிற்கும். பூக்கிற காலத்தில் அதன் வாசனை எங்கள் அடுப்படி வரை வரும். இதன் விதையைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. மருதாணி முளைத்தது, அந்த நிறம் முளைக்கவில்லை. இந்தச் செடி வேண்டுமென்றால் இந்தச் செடியிலிருந்தே போத்து வெட்டி நட வேண்டும். நடுவதற்கு வெட்டுகிற குச்சியை எங்கள் பக்கம் போத்து என்போம்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செய்ய வேலை இல்லை, கவலைப்பட நேரம் ஏராளம். ஐந்து நாள் ஒழுங்காக ஆளுக்கொரு குடம் ஊற்றினேன், செடிக்கு ஒன்று, அவர்கள் வேலியோரத்து முருங்கைக்கு ஒன்று. ஆறாம் நாள் மருதாணியின் அடித்தண்டில் கறையான் மண் ஏறியிருப்பதைக் கண்டேன். விரல் உயரம்.

“தொடப்பக்கட்டையால தட்டிவுடுங்க, போயிடும்,” என்றாள் என் மனைவி.

நான் உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்து, “கொடத்துக்கு ஒரு மூடி. அதுவே ஜாஸ்தி,” என்றார். வீட்டுக்கு வந்து தண்டுகளை எண்ணினேன். தரையிலிருந்து பதினான்கு தண்டுகள் கிளம்பியிருந்தன. ஒரு மூடியைப் பதினான்கால் வகுத்தால் ஒரு தண்டுக்கு என்ன கிடைக்கும்? அது என்னை உறுத்தியது. கடைக்காரர் செடியைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பதினான்கு மூடி அளந்து, ஒரே குடத்தில் கலந்து, சுற்றிலும் ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினேன். அது ஏழாம் நாள்.

பத்தாம் நாள் காலையில் செடிக்கடியில் பச்சையாகவே இலைகள் கொட்டிக் கிடந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் எண்ண முடியவில்லை.

மண்ணை மாற்றினால் பிழைக்குமென்று வேரைச் சுற்றித் தோண்டி முப்பத்தொரு கூடை மண் அள்ளிப் போட்டேன். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். பச்சை இருந்தது. அந்தப் பச்சையை நம்பிப் பதினான்கு போத்து வெட்டி எங்கள் கொல்லையில் நட்டேன். விஷம் அவற்றிலும் ஏறியிருக்க வேண்டும். பதினேழாம் நாள் பதினான்கும் கறுத்துவிட்டன. செடியைக் கீறினேன். உள்ளே காய்ந்த சுள்ளியின் நிறம்.

அன்று நான் சாப்பிடவில்லை. என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து நின்றாள்.

“எண்ணிக்கினே இருந்தா நெனப்பு எங்கிருந்து வரும்? வெள்ளிமலைல நாம ஒண்ணு வச்சமே, மறந்து போச்சா?”

மறந்துதான் போயிருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலையில் உறைவிடப் பள்ளிக்கு மாற்றினார்கள். அன்று சாமான் ஏற்றும்போது அடுத்த வீட்டு மூத்த பெண், அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, சுவரோரம் நின்றுகொண்டு, “அங்க மருதாணி கெடைக்காதுல்ல அக்கா,” என்று என் மனைவியிடம் ஒரு குச்சியை ஒடித்துக் கொடுத்தாள். அதைக் குடியிருப்புக்குப் பின்னால் நட்டோம். நான்கு வருஷம் அங்கே இருந்தோம். பிறகு யார் பார்த்தார்கள்?

பதினெட்டாம் நாள் விடியற்காலை பஸ் பிடித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது செடி இருக்குமா என்ற நினைப்பை விலக்க வளைவுகளை எண்ணினேன். கணக்கு தப்பிவிட்டது.

குடியிருப்பு இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு கட்டடம் நின்றது. நான் செடி வைத்த மூலையில் தண்ணீர்த் தொட்டி. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சமையல் கூடத்திலிருந்து ஒருவர் கரண்டியோடு வெளியே வந்தார். நான் இருந்தபோதே அங்கே சமையலுக்கு இருந்த மலைக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது.

“வாத்தியாருங்களா? இன்னாங்க, தொட்டியில வுழுந்த ஆளத் தேடுற மாதிரி நிக்கிறீங்க?”

மருதாணி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தன் வீட்டுப் பக்கம் கூட்டிப் போனார். சாமை விதைக்கிற மேட்டு நிலத்தைச் சுற்றி, ஆடு நுழையாமல், நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு வேலி. முழுவதும் மருதாணி.

“தொட்டி கட்ட வெட்டிப் போட்டாங்க. சும்மா எரிக்கிறதுக்கு நட்டு வப்பமேன்னு நட்டேன். நீங்க வச்சது ஒண்ணு. இப்ப எத்தினின்னு எனக்கே தெரியாது.”

எனக்குத் தெரிந்தது. அறுபத்து மூன்று.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். பதினான்கு மூடி என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “மனுசனுக்கு ஊத்தியிருந்தா கேசு ஆயிருக்கும்,” என்றார். பிறகு கொடுவாளை எடுத்துக்கொண்டு போத்து வெட்டப் போனார். இறங்குகிற பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியதால் நான் டீக்கடைப் பக்கம் போய் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தேன். அவர் ஓடி வந்து, ஈரச் சாக்கில் சுற்றிய கட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கொடுத்தவுடன் நான் எண்ணத் தொடங்கினேன். பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நடந்தபடி என்னமோ சொன்னார். நான் பதினேழில் இருந்தேன். விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கையை ஆட்டிவிட்டு எண்ணினேன். இருபத்திரண்டு.

போத்து நடுவதற்கு எனக்கு ஒரு விதி உண்டு. பள்ளித் தோட்டத்தில் பல வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், நான்கு கணுவுக்குக் குறையாமல். அடியைச் சாய்வாக வெட்ட வேண்டும், நுனியை நேராக வெட்ட வேண்டும். இலை உருவிய குச்சியில் தலை எது, கால் எது என்று அப்புறம் குழப்பம் வராது. சமையல்காரர் கொடுத்த குச்சிகளில் ஒரு முனை சாய்வாகவும் ஒரு முனை நேராகவும் இருப்பதைப் பார்த்து, நான் சொல்லிக் கொடுத்தது மலையில் இன்னும் நிற்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பழைய பெயிண்ட் டின்களில் மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, சாய்வான முனையைக் கீழே விட்டு நட்டேன். மேலே நேரான வெட்டில், வெயிலில் காயாமல் இருக்கப் பசுஞ்சாணி அப்பினேன். ஈரச் சாக்கைப் பந்தல் மாதிரி கட்டினேன்.

மிச்சம் இருபத்து நான்கு நாள். கத்திரி வெயில். காலையில் ஒரு முறை, பதினொன்றுக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை, விளக்கு வைக்கும்போது ஒரு முறை டின்களிடம் போய்க் குனிவேன். சாதாரணமாக மருதாணிப் போத்து பத்து நாளில் கணுவில் பச்சைப் புள்ளி காட்டும். பத்தாயிற்று. ஒன்றுமில்லை. குச்சிகள் காயவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கறுத்துப் போனால் விட்டுவிடலாம். இவை உயிரோடு, பிடிவாதமாக, சும்மா நின்றன.

இதற்கிடையில் மனதுக்குள் ஒரு நியாயத்தையும் தயார் செய்து வைத்திருந்தேன். போத்திலிருந்து வருவது பிள்ளைச் செடி இல்லை, அதே செடிதான். ஆகவே இவற்றில் ஒன்றை அந்த இடத்தில் நட்டுவிட்டு, ‘கவாத்து பண்ணினேன், ஒட்ட வெட்டிவிட்டேன்’ என்று சொன்னால் பொய்யாகாது. இதை மனைவியிடம் சொன்னேன்.

“பொய் இல்லன்னா எங்கிட்ட எதுக்கு ஒத்திக பாக்கறீங்க?” என்றாள்.

இருபத்தொன்பதாம் நாள் அவளே வந்து டின்களைப் பார்த்தாள். “மேல ஒண்ணுங்காணோம். கீழ இன்னா நடக்குதுன்னு ஒண்ணப் புடுங்கிப் பாருங்க,” என்றாள். பிடுங்கினால் வேர் அறுந்துவிடும் என்றேன். “இருந்தாதான அறுந்து போறதுக்கு,” என்றாள்.

பிடுங்கினேன். வேர் இல்லை. மண்ணுக்குள் இருந்த கணுக்களிலிருந்து வெளிறிய இரண்டு தளிர்கள் கிளம்பி, கீழ் நோக்கிப் போய், பிறகு தூண்டில் முள் மாதிரி மேலே வளைந்திருந்தன. வெளிச்சத்துக்கு வழி தேடியிருக்கின்றன. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து கணுவைப் பார்த்தேன். இலை விழுந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்க வேண்டும். இதில் கீழே இருந்தது. இருபத்திரண்டையும் தலைகீழாக நட்டிருக்கிறேன்.

பஸ் கூடவே நடந்தபடி சமையல்காரர் சொன்னது இப்போது எனக்குப் புரிந்தது. மலையில் மழை ஜாஸ்தி. நேராக வெட்டிய நுனியில் தண்ணீர் நின்று அழுகும். அதனால் அவர்கள் நுனியைத்தான் சாய்த்து வெட்டுகிறார்கள். அடியைக் கட்டையில் வைத்து நேராகத் தட்டுகிறார்கள். அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குப் பதினேழு முக்கியமாகப் போய்விட்டது. பதினொரு நாள் காலில் சாணி அப்பி, தலையை மண்ணில் புதைத்து வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவி, ஒவ்வொரு கணுவாகக் கண்ணாடி வைத்துப் பார்த்து, திருப்பி நட்டோம். ஐந்து அதற்குள் செத்திருந்தன. பதினேழு மிச்சம். சாய்வு முனை மேலே. என் மனைவிதான் ஒவ்வொன்றையும் நட்டாள். நான் டின்களைப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று நாள் இருந்தது. தினமும் ஒன்றோ இரண்டோ கறுத்தது. முப்பத்தேழாம் நாள் ஒன்றில் பச்சைப் புள்ளி. நாற்பத்திரண்டாம் நாள் காலை உயிரோடு இருந்தவை மூன்று. இலைகள் இரண்டு, நான்கு, இரண்டு. மொத்தம் எட்டு. கல்யாணப் பெண்ணின் சுண்டுவிரலுக்குக் காணாது.

மத்தியானம் கார் வந்து நின்றது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. பாய் எல்லோரையும் கட்டித் தழுவினார். பாயம்மா வீட்டுக்கு வீடு பேரீச்சம்பழமும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு வாயும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். குடித்தேன். ‘கவாத்து’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

“அம்மா, கொல்லைக்கு வாங்க,” என்றேன்.

மொட்டைச் சுள்ளியாக நின்ற செடியைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஒரு கிளையைப் பிடித்தார். அது படக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. அதைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டே திரும்பினார். நான் கறையானிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு மூடியையும் சொன்னேன். தலைகீழாக நட்டதையும் சொன்னேன். மூன்று டின்களையும் கொண்டு வந்து முன்னால் வைத்தேன்.

டின்களையும் கையிலிருந்த சுள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சத்தம் உயர்த்தாமல்:

“அங்க நின்னு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி துவா கேட்டேன் சாரு. உங்க பேரும் சொன்னேன். கண்ணு நல்லா தெரியணும், காலு நல்லா நடக்கணும்னு. நான் அங்க கேட்டுக்கினு இருக்கசொல்ல, நீங்க இங்க மூடி மூடியா எண்ணிக்கினு இருந்திருக்கீங்க.”

“மன்னிச்சிடுங்கம்மா.”

“கல்யாணம் பத்து நாள்ல. அந்தப் புள்ள கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஒங்கம்மா வச்சதுன்னு இந்த எட்டு எலயக் காட்டட்டுமா?”

வெள்ளிமலை வேலியைப் பற்றிச் சொன்னேன். அறுபத்து மூன்று செடி என்றேன்.

“எங்கயோ மலைல இருக்கறது எம்மவ வச்சதாவுமா?”

“அவ ஒடிச்சிக் குடுத்த குச்சிம்மா,” என்று என் மனைவி குறுக்கே வந்தாள். “இந்தச் சொவத்தாண்ட நின்னு, எங்கையில குடுத்தா. பாவாடை தாவணி கட்ட ஆரம்பிச்ச வருசம். இதுலேந்து ஒடிச்சதுதான் அது.”

பாயம்மா சுவரைப் பார்த்தார். அந்த இடத்தில் யாரோ நிற்பது போலப் பார்த்தார்.

“கொண்டாங்க,” என்றார் கடைசியில். “செவந்தா பாக்கலாம்.”

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் மலையேறினேன். சமையல்காரர் ஒரு கோணிப்பை நிறையக் கொழுந்தாக உருவிக் கொடுத்தார். “இதுல தலை காலு இல்லீங்க, பயப்படாம போங்க,” என்றார். இறங்குகிற பஸ்ஸில் ஒரே கூட்டம். கோணியை மடியில் வைத்துக்கொண்டு வாழையிலையால் மூடி, பாட்டில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தேன். என் கவலை வாடுமோ என்பது மட்டுமல்ல. மண் வேறு, தண்ணீர் வேறு, குளிர் வேறு. இருபத்தாறு வருஷம் வேறு இடத்தில் நின்ற செடி அதே சிவப்பைத் தருமா? என் விதிகளில் அதற்குப் பதில் இல்லை. என் விதிகளை நான் அப்போது அவ்வளவாக நம்பவுமில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பாடினார்கள், சிரித்தார்கள். பாயம்மாவின் குரல் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

காலையில் நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. மணப்பெண் எம்பி நின்று கைகளைச் சுவர்மேல் வைத்திருந்தாள். காய்ந்த விழுது அங்கங்கே ஒட்டியிருந்தது. மீதி இடமெல்லாம் கருஞ்சிவப்பு. நகம் வரை.

“தாத்தா, எங்கம்மா செடிய நீங்கதான் கொன்னீங்களாமே,” என்றாள். திட்டுகிறாளா, கேலி செய்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஆமாம்மா.”

“நல்லா செவந்திருக்கு பாருங்க.” கைகள் மறைந்தன.

அந்த இடத்தில் பாயம்மாவின் முகம் வந்தது. என் கண்ணைப் பார்க்காமல் எங்கள் கொல்லையிலிருந்த டின்களைப் பார்த்தார்.

“செவந்திருக்கு,” என்றார். “மன்னிச்சிட்டேன்னு நான் இன்னும் சொல்லல.”

“தெரியும்மா.”

“அந்த மூணும் வேர் புடிச்சி, இங்க மண்ணுல எறங்கி, என் இடுப்புக்கு வரட்டும். அப்பறம் சொல்றேன்.” டின்கள் பக்கம் விரலை நீட்டினார். “போயி தண்ணி ஊத்துங்க. வெறுந்தண்ணி. மூடிய கையால தொடாதீங்க.”

போனேன். மூன்றுக்கும் ஆளுக்கு அரைச் சொம்பு. நான்கிலைச் செடியில் ஐந்தாவது வந்திருந்தது.